ஐம்பது பாகத்திலிருந்து ஆபீஸ் வரை

தெற்கு பிரான்ஸை ஒட்டிய மத்தியதரைக் கடல், 1950களின் தொடக்கம். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலடியில் சுற்றிக்கொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென மூச்சு முட்டியது. உருளை காலி. எவ்வளவு நேரம் கீழே இருந்தோம் என்ற கணக்கு தப்பிவிட்டது. அடித்துப்பிடித்து மேலே வந்து உயிர் பிழைத்தார். அவர் பெயர் ழான்-ழாக் ஃபீஷ்டர். அவர் மீனவரும் அல்ல, கடற்படை வீரரும் அல்ல. பிளாங்பேன் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் தலைவர். அத்தை பெட்டி ஃபீஷ்டர் 1933இல் வாங்கிய நிறுவனம் அது. மருமகன் 1950இல் நிர்வாகத்துக்கு வந்திருந்தார்.

இன்று பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கி, சட்டைக் கைக்குள் பாதி மறைத்துக் கட்டிக்கொண்டு கூட்டங்களுக்குப் போகிறோமே, அந்த டைவிங் வாட்சின் பிறப்புக்கு இந்த மூச்சுமுட்டலும் ஒரு காரணம்.

கரையில் பத்து நிமிடம் பிசகினால் பஸ் போய்விடும். கடலடியில் பிசகினால் ஆளே போய்விடுவார். ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடும். நிதானமாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழி விடும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம், சாவு வரை எதுவும் நடக்கலாம். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தால், திரும்பும் வழியில் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை உடலியல் அறிஞர் ஜே.எஸ். ஹால்டேன் 1908இலேயே வெளியிட்டுவிட்டார். அப்போது முக்குளிப்பவர் செம்புத் தொப்பி மாட்டி, குழாய் வழியே காற்று வாங்கினார். நேரம் பார்ப்பது மேலே படகில் நிற்பவரின் வேலை. 1943இல் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் அக்வாலங் என்ற சுவாசக் கருவியை உருவாக்கியதும் குழாய் தேவையில்லாமல் போயிற்று. கூடவே, கணக்குப் பார்க்க மேலே நின்ற ஆளும் தேவையில்லாமல் போனார். இனி நேரக் கணக்கு முக்குளிப்பவரின் மணிக்கட்டிலேயே இருந்தாக வேண்டும்.

ஃபீஷ்டர் கரையேறிய கையோடு பட்டியல் போட்டார் என்றே சொல்லலாம். தண்ணீர் எங்கே நுழையும்? முதலில், சாவி கொடுக்கும் திருகு வழியாக. யாராவது தண்ணீருக்குள் அதைத் தப்பித் தவறி இழுத்துவிட்டாலும் உள்ளே கசியாதபடி இரட்டை ரப்பர் வளையம் வைத்தார். அடுத்தது பின்மூடி. மூடியைத் திருகும்போது அடியிலிருக்கும் வளையம் முறுக்கிக்கொண்டு பிசகிவிடாதபடி அதற்கென்று ஒரு பள்ளம் வெட்டி, மேலே ஒரு தகடு வைத்து அமுக்கினார். திருகைத் திருகத் திருக ரப்பர் தேயும் என்பதால், கை அசைவிலேயே தானாக முறுக்கேறும் இயந்திரத்தை உள்ளே வைத்தார். இவை போதாதென்று டயலைச் சுற்றி ஒரு வளையம். இறங்கும் நேரத்தில் நிமிட முள்ளுக்கு நேராக வளையத்தின் குறியைத் திருப்பி வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை ஒரே பார்வையில் படித்துவிடலாம். சுழலும் வளையம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. விமானிகளின் வாட்சுகளில் முன்பே இருந்தது. தெரியாமல் இடித்து நகர்ந்துவிடாதபடி, அமுக்கினால்தான் திரும்பும் என்ற பூட்டைச் சேர்த்ததுதான் ஃபீஷ்டரின் வேலை.

அதே சமயத்தில் பிரெஞ்சுக் கடற்படையிலும் ஒருவர் இதே வாட்சைத் தேடிக்கொண்டிருந்தார். ரோபேர் மலூபியே, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசியப் படையில் வேலை பார்த்தவர். குளோத் ரிஃபோவோடு சேர்ந்து 1952இல் முக்குளிக்கும் போர்வீரர் படையை உருவாக்கியிருந்தார். இருட்டில், கலங்கல் தண்ணீரில், எதிரிக் கப்பலின் அடியில் வேலை செய்யும் ஆட்களுக்குக் கடையில் கிடைத்த வாட்சுகள் ஒன்றும் உதவவில்லை. கருப்பு டயல், பெரிய எண்கள், ஒளிரும் முக்கோணமும் வட்டமுமான குறிகள், வெளியே சுழலும் வளையம் என்று தானே ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். இருவரும் சந்தித்தபோது, ஃபீஷ்டரிடம் இருந்த மாதிரியும் மலூபியேயின் தாளில் இருந்த படமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. 1953இல் பிளாங்பேனின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ் வெளிவந்தது. ஐம்பது பாகம், அதாவது சுமார் 91 மீட்டர். அன்றைய உருளையோடு ஒருவர் அதற்கு மேல் இறங்க முடியாது என்ற கணக்கில் வைத்த பெயர். மூன்று ஆண்டு கழித்து கேன்ஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதை வென்ற கூஸ்தோவின் கடலடிப் படத்தில், அவர் குழுவினரின் கைகளில் அந்த வாட்ச் தெரிந்தது.

ரோலக்ஸின் கதை வேறு வழியில் வந்தது. அதை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்குத் தண்ணீரைவிட விளம்பரம் நன்றாகத் தெரியும். 1926இல் ஆய்ஸ்டர் என்ற நீர்புகா உறையைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் இங்கிலீஷ் கால்வாயில் நீந்தியபோது, கழுத்தில் ஓர் ஆய்ஸ்டரைத் தொங்கவிட்டார். அந்த நீச்சலை அவர் முடிக்கவில்லை என்பதைப் பலரும் சொல்வதில்லை. 10 மணி நேரத்துக்கு மேல் குளிரோடு போராடிய பிறகு படகில் ஏற்றிவிட்டார்கள். வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் அது லண்டன் நாளிதழின் முதல் பக்க விளம்பரம் ஆயிற்று. அந்த உறைதான் வளர்ந்து, சுழலும் வளையம் சேர்ந்து, 1954 பாசல் கண்காட்சியில் சப்மரைனர் என்ற பெயரில் நின்றது. 1960 ஜனவரியில் டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது, வெளியே ஒரு ரோலக்ஸைப் பொருத்தி அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் ஆழம். வாட்ச் ஓடியபடியே திரும்பி வந்தது. ஆனால் அதை யாரும் கையில் கட்ட முடியாது. கண்ணாடி அரைக் கோளமாகப் புடைத்துக்கொண்டிருக்கும்.

ஃபிஃப்டி ஃபேதம்ஸா சப்மரைனரா, எது முதல் என்று இன்றும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். சில மாத முன்பின்னால் யாருக்கும் லாபமில்லை. எனக்கு அதைவிட அந்த வளையம்தான் சுவாரசியம். ஆரம்பகால சப்மரைனரில் வளையம் இரண்டு பக்கமும் சுழன்றது. பாறையில் இடித்து அது தப்பான பக்கம் நகர்ந்தால், 25 நிமிடம் ஆனதை 15 என்று காட்டும், நம்பியவர் செத்தார். 1980 வாக்கில் ரோலக்ஸ் அதை ஒரே பக்கமாக, இடஞ்சுழியாக மட்டும், 120 ‘கிளிக்’குகளில் திரும்பும்படி மாற்றியது. இனி இடித்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். பிழை நேர்ந்தாலும் அது உயிரைக் காக்கும் பக்கமே நேரட்டும் என்ற இந்த யோசனை, டைவிங் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்திலும் நின்றுவிட்டது. அந்தத் தரம் வேறு சிலவற்றையும் கேட்கிறது: கும்மிருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும், எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்திருக்க வேண்டும்.

கடற்படைகள் இந்த வாட்சுகளை உரல் உலக்கை மாதிரிதான் பயன்படுத்தின. பிரிட்டிஷ் கடற்படைக்குப் போன சப்மரைனர்களில் பட்டை கோக்கும் கம்பிகளை உறையோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். கம்பி கழன்று வாட்ச் கடலுக்குள் போய்விடக் கூடாதே. பிரெஞ்சுக் கடற்படை வாங்கியது பெரும்பாலும் டியூடர். வில்ஸ்டார்ஃபே தொடங்கிய இன்னொரு பெயர் அது. ரோலக்ஸின் உறுதி, அதைவிடக் குறைந்த விலை என்பது கணக்கு. செயின் இல்லாமல் வந்து சேரும் டியூடர்களை வீரர்கள் பாராசூட்டிலிருந்து வெட்டிய எலாஸ்டிக் பட்டையில் கோத்துக் கட்டினார்கள்.

பணிக்கருவி அலங்காரப் பொருளாக மாறிய கணத்தைக் காட்டு என்றால், நான் 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தைச் சொல்வேன். ஷான் கானரி தண்ணீரிலிருந்து வந்து முக்குளிப்பு உடையின் ஜிப்பை இறக்குகிறார். உள்ளே கசங்காத வெள்ளைக் கோட்டு. சற்று நேரத்தில் மதுக்கடைக்குள் நின்று, லைட்டர் வெளிச்சத்தில் மணி பார்க்கிறார். கையில் சப்மரைனர், கோத்திருக்கும் துணிப் பட்டை அதற்குக் கொஞ்சம் ஒடுக்கம். பட்டை பொருந்தவில்லை என்பதை யார் கவனித்தார்கள்? கோட்டு சூட்டோடு டைவிங் வாட்ச் கட்டலாம் என்பதை உலகம் கவனித்தது. 1995இல் ‘கோல்டன் ஐ’ வந்தபோது ஜேம்ஸ் பாண்டின் கை ஒமேகா சீமாஸ்டருக்குப் போனது, இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடல் பக்கத்தில் வேறொன்று நடந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவர்கள் நாள்கணக்கில் அழுத்த அறைகளிலேயே தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. ரப்பர் வளையத்தையும் தாண்டி வாட்சுக்குள் புகுந்துவிடும். அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியேற வழியின்றிக் கண்ணாடியைத் தெறிக்கவிடும். அதற்காகவே 1967இல் ரோலக்ஸின் சீ-ட்வெல்லர் ஒரு சிறு வால்வோடு வந்தது. இன்றைய சீமாஸ்டரில் 10 மணிப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டாவது திருகு அதே வால்வுதான். ஹீலியம் அறைக்குள் வாரக்கணக்கில் குடியிருக்கப் போகிறவருக்கு உதவும். மற்றவர்களுக்குச் சட்டைக் கையில் மாட்டும்.

பிறகு இரண்டு அடிகள். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு விட்டது. துல்லியத்தில் மெக்கானிக்கல் வாட்ச் இனிப் போட்டி போட முடியாது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 90 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரம் பேராகச் சுருங்கினார்கள். பிளாங்பேன் மூடியே கிடந்து, 1980களின் தொடக்கத்தில் பெயர் மட்டும் சுமார் 22 ஆயிரம் பிராங்குக்குக் கைமாறியது. இரண்டாவது அடி 1983இல். ஓர்கா எட்ஜ் என்ற டைவ் கம்ப்யூட்டர் வந்தது. ஆழம், நேரம், நைட்ரஜன் கணக்கு எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். டைவிங் வாட்சுக்கு உயிர் காக்கும் வேலை போயிற்று. வேலை போன பிறகுதான் அதன் விலை ஏறியது என்பது வேடிக்கை. கீறாத நீலக்கல் கண்ணாடி வந்தது, வளையத்தில் அலுமினியத்துக்குப் பதில் செராமிக் வந்தது, கடற்படையில் அடிபட்ட பழைய உருப்படிகள் ஏலத்தில் வீட்டு விலைக்குப் போயின.

ஆயுள் முழுக்க, தினமும் கட்டிக்கொள்ள ஒன்றே ஒன்று வாங்க நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும்? ஆழத்தை அல்ல. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு வகுத்திருக்கும் எல்லையே 40 மீட்டர்தான். 300 மீட்டர் என்று டயலில் எழுதியிருப்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியவை தடிமன், செயின் பூட்டு, காந்தம், சர்வீஸ்.

தடிமனில் முதலில் அடிபடுவது, வருத்தத்தோடு சொல்கிறேன், மூத்தவரான ஃபிஃப்டி ஃபேதம்ஸ். அதன் 45 மில்லிமீட்டர் மாடல் 15 மில்லிமீட்டருக்கும் மேல் உயரம். ஐந்து நாள் ஓடும் இயந்திரம், வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் முழுக்கைச் சட்டை அதன் மேல் இறங்காது. அண்மையில் வந்த 42 மில்லிமீட்டர் மாடல்கள் பரவாயில்லை, விலைதான் சப்மரைனரையும் தாண்டிப் போகிறது.

சப்மரைனர், 2020க்குப் பிறகு 41 மில்லிமீட்டர். மெலிந்த உடம்பு, 70 மணி நேர ஓட்டம், நாளுக்கு 2 விநாடிக்குள் பிசகும் துல்லியம். அதன் உண்மையான சாதனை பூட்டில் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல், 2 மில்லிமீட்டர் படிகளில் செயினை நீட்டலாம், சுருக்கலாம். முக்குளிப்பு உடைக்கு மேல் கட்டுவதற்காக வந்த வசதி. மதிய வெயிலில் மணிக்கட்டு உப்பி, இரவில் ஏசி அறையில் சுருங்கும் நம் ஊரில் அதன் அருமை தெரியும். ஆனால் ஷோரூமில் பணத்தோடு போய் நின்றாலும் கையோடு கிடைக்காது. பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். கிடைத்த பிறகும் மின்சார ரயிலில் கட்டிக்கொண்டு ஏற யோசிக்க வைக்கும் வாட்ச் அது. தினசரி வாட்சை லாக்கரில் வைப்பதற்கு ஏன் வாங்க வேண்டும்?

சீமாஸ்டர் 300 மீட்டர் மாடல் 42 மில்லிமீட்டர். அலை வடிவம் செதுக்கிய டயலைக் கொஞ்சம் ஆடம்பரம் என்று நினைக்கிறேன், பலருக்கு அதுதான் பிடிக்கிறது. அதன் பலம் உள்ளே. 15,000 காஸ் காந்தப் புலத்தைத் தாங்கும், அதாவது 1.5 டெஸ்லா, ஆஸ்பத்திரியில் சாதாரணமாக இருக்கும் எம்ஆர்ஐ கருவியின் அளவு. இன்றைய வாட்சுக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி காந்தம். போன் உறை, லேப்டாப் மூடி, ஸ்பீக்கர், கைப்பையின் பொத்தான் என்று எங்கும் இருக்கிறது. உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள்வில்லில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடும்.

டியூடர் பிளாக் பே 58, 2018இல் வந்தது. 39 மில்லிமீட்டர் அகலம், 12க்கும் சற்றுக் குறைவான உயரம், 70 மணி நேரம் ஓடும், 200 மீட்டர் தாங்கும். வளையம் அலுமினியம், கீறும், ஆண்டுகள் போகப் போக நிறம் மங்கும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. செராமிக் கீறாது, சரிதான். ஆனால் கல்தரையில் விழுந்தால் விரிசல் விட்டு உடையலாம். ஆரம்ப மாடலின் பூட்டில் நினைத்தபோது நீட்டும் வசதி இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல். தேதியும் இல்லை. அது நல்லது என்பேன்: தேதி வாட்சை 31 நாள் இல்லாத மாதங்கள் முடியும்போதெல்லாம், வருடத்தில் ஐந்து முறை, திருத்த வேண்டும். பல இயந்திரங்களில் நள்ளிரவை ஒட்டித் தேதியைத் திருப்பினால் பல்சக்கரம் உடைய வாய்ப்புண்டு.

மணிக்கட்டு மெலிந்தவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, என் வாக்கு பிளாக் பே 58க்கே. நாளெல்லாம் மின் கருவிகளுக்கு நடுவே வேலை பார்ப்பவர் என்றால் சீமாஸ்டர்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இவற்றில் எதை வாங்கினாலும் எஃகும் நீலக்கல் கண்ணாடியும் ஆயுளுக்கும் வரும், ரப்பர் வளையம் வராது. வியர்வை, சோப்பு, வெந்நீர் மூன்றும் அதை இறுகவைத்து விரிசல் விடவைக்கும். பல லட்சம் ரூபாய் வாட்சுக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் இரண்டே காரணங்களால்: ரப்பர் பழுதாகியிருக்கும், அல்லது திருகை இறுக்க மறந்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான். முழு சர்வீஸை ரோலக்ஸ் ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்கிறது. அந்தச் செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது “பாலிஷ் வேண்டாம்” என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாலிஷிலும் உறையின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நாலாவது முறையில் வாட்சின் வடிவமே மாறிவிடும். குளத்திலோ கடலிலோ இறங்குமுன் திருகு முழுக்க இறுகியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.